நமது கரையில் பௌதிகவியல்

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் படங்களும், கட்டடங்கள் எழும்பிய ஆண்டுகளும், பரிசளிப்பு விழாக்களின் நினைவுகளும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுதத் தகுதியான சகோதரிகள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு பாடத்தின் வரலாறு. நம்மில் பலர் பயந்து ஒதுங்கிய பாடம். சிலர் டியூட்டரி டியூட்டரியாக அலைந்து படித்த பாடம். அதைப் படித்து, பிறகு அதையே கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள நமது கரையில் வெயிலுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. மணலுக்கும் உமிக்கும் குறைவில்லை. சக்தி பற்றியும் நிலைபேறான பொருட்கள் பற்றியும் இன்று உலகத்துப் பௌதிக ஆய்வுகூடங்கள் தேடித் திரிவதில் பாதி நம் வாசலில் கிடக்கிறது. இங்கே குறைவாக இருந்தது, ஒரு பெண்பிள்ளை காலையில் பஸ் ஏறிப் போய் மஃரிபுக்கு முன் வீடு வந்து சேரக்கூடிய தூரத்தில் ஓர் ஆய்வுகூடமும், அதில் நின்று கற்பிக்க ஓர் ஆசிரியரும்தான். இந்தப் பாடத்தின் வரலாறு அந்தத் தூரம் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைந்த வரலாறு.

நமது பக்கத்துப் பௌதிகவியலைப் பற்றிப் பேசுவதென்றால் சாய்ந்தமருதுக்கு அடுத்த காரைதீவிலிருந்து தொடங்க வேண்டும். 1892இல் அங்கு பிறந்த மயில்வாகனனே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். முத்தமிழ் வித்தகர் என்று அவரைக் கொண்டாடும் நாம், அவர் விஞ்ஞான ஆசிரியர் என்பதை மறந்துவிடுகிறோம். கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் படித்தவர், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்று, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் பெற்றார். 1947இல் அரங்கேறிய அவருடைய ‘யாழ் நூல்’ இசை நூல் என்றே நூலகங்களில் அடுக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்து பார்த்தால் எண்களும் பின்னங்களும் நிறைந்திருக்கும். ஒரு தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும்; மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலிலிருந்து இளி பிறக்கும். உயர்தர வகுப்பில் சுரமானியை வைத்து நாம் செய்த பரிசோதனையும் இதுதான். சிலப்பதிகாரத்தில் சொல்லப்பட்ட, கண்ணால் எவரும் கண்டிராத கருவியைக் கணக்கினாலே மீட்டெடுக்க முயன்றார் அவர். பிரயோக பௌதிகவியல் என்று வேறு எதைச் சொல்வது? நூல் அரங்கேறிய அடுத்த மாதமே, 1947 ஜூலையில், அவர் காலமானார்.

கல்முனை அவரைப் போலவே கடமைப்பட்ட இன்னொருவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், உணவு உற்பத்தியைக் கவனிக்கும் உதவி அரசாங்க அதிபராக இங்கு அனுப்பப்பட்டார். வந்த வேலை நெல். ஆனால் வந்த ஆண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தொடங்கிவிட்டார். வசதியற்ற பிள்ளைகள் உயர்கல்வி பெற உதவும் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி 1945இல் உருவானபோது அதன் விதை இங்கேதான் ஊன்றப்பட்டிருந்தது. அதே 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. விபுலாநந்தரும் அஸீஸும் ஒருவரையொருவர் அறிந்து மதித்தவர்கள் என்பதையும் இந்தத் தலைமுறைக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இவையெல்லாம் நடந்தும், பெண்பிள்ளைகளின் வகுப்பறைக்குள் பௌதிகவியல் வரவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல், அதோடு ஓதல். அதற்குப் பிறகு வெகுகாலம் சுகாதாரமும் மனையியலும்தான் பெண்பிள்ளைக்குரிய விஞ்ஞானம். ஆனால் வீட்டுக்குள் பௌதிகவியல் இருந்தது, வேறு பெயரில். குப்பி விளக்கின் திரி மண்ணெண்ணெயை மேலே இழுப்பது மயிர்த்துளை எழுகை. அரிக்கன் லாம்பின் சிமினி சுடரை நிமிர்த்தி வைப்பது மேற்காவுகை. விளக்கு ஏன் புகைக்கிறது என்று கேட்டால், ‘திரியை இறக்கு’ என்பார் மூத்தம்மா. விடை சரி. கேள்விதான் பதிலின்றி நின்றது.

அந்தக் குப்பி விளக்கு நம்மில் எத்தனை பேரின் கையையும் சட்டையையும் பதம் பார்த்தது என்பதை மூத்த சகோதரிகள் அறிவார்கள். வெற்றுப் போத்தல், துளையிட்ட மூடி, துணித்திரி. சரிந்தால் உருளும்; உருண்டால் எண்ணெய் கொட்டும். தீக்காயத்தோடு வைத்தியசாலைக்கு வந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். டாக்டர் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1990களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். மாமைற் போத்தலைப் போலக் குட்டையும் பாரமுமான கண்ணாடி, உருளாதபடி இருபுறமும் தட்டை, திருகி இறுக்கும் மூடி. ‘சுதீபா’ என்று பெயர். புவியீர்ப்பு மையத்தைக் கீழே இறக்கு, தாங்கும் பரப்பை அகலமாக்கு என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இரண்டு வரிகள்தான் அந்த விளக்கின் இரகசியம். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நிலைபேறான தொழில்நுட்பம் என்றதும் பளபளக்கும் பெனலைக் கற்பனை செய்பவர்களுக்கு நான் இந்த விளக்கைத்தான் முதலில் காட்டுவேன்.

மின்சாரம் நமக்கு மேற்கிலிருந்து ஆற்றோடு வந்த கதையும் உண்டு. பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் அழைத்த கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்டும் திட்டம் 1949இல் தொடங்கியது. சேனாநாயக்க சமுத்திரம் பிறந்தது. அத்திட்டம் மக்களை எங்கே குடியேற்றியது, யாருக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு வேறு. அதைப் பேசத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கு நீரின் கணக்கு மட்டும். அணையடியில் 11 மெகாவாற்று அளவிலான நீர்மின் நிலையம் 1963இல் இயங்கத் தொடங்கியது. சம்மாந்துறை வயலுக்குப் போகும் தண்ணீர் போகிற வழியில் சுழலியைச் சுற்றிவிட்டுப் போகும். வயலுக்குத் தண்ணீர் திறக்காத காலத்தில் சுழலிக்கும் வேலை குறைவு. வேளாண்மைக்குத்தான் முதலிடம், மின்சாரம் அதன் பின்னால் வரும் தம்பி. உயரத்தில் நிற்கும் நீரின் அழுத்தசக்தி இயக்கசக்தியாகி, பிறகு மின்சக்தியாவதைக் கற்பிக்க நயாகராவின் படத்தைக் கரும்பலகையில் வரைந்த ஆசிரியர்கள் நமக்கு இருந்தார்கள். இங்கினியாகலைக்கு ஒரு நாள் சுற்றுலா போதும்.

பாடசாலைக்குத் திரும்புவோம். 1972இன் கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பலவிதமாகப் பேசுவார்கள். எச்.என்.சீ.ஈ. என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது: கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாயின. ஆண்பிள்ளைக்கு ஒரு விஞ்ஞானம், பெண்பிள்ளைக்கு இன்னொன்று என்ற பிரிவு, சட்டத்தளவிலாவது, அன்று முடிந்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் மர்ஹூம் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். காந்தம், மின்குமிழ், உலர் மின்கலம் ஆகியவற்றை நமது கரையில் பல பெண்பிள்ளைகள் முதன்முதலாக வகுப்பில் தொட்டது அந்தப் பாடத்திட்டத்தில்தான்.

உயர்தரத்தில்தான் கதவு அடைபட்டது. உயிரியலுக்குப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். டாக்டர் என்ற கனவு வீட்டாருக்கும் விளங்கியது. கணிதத்தோடு பௌதிகவியல் படிப்பதென்றால் ‘பிள்ளை என்ன, என்ஜினியராகப் போறாவா?’ என்ற கேள்வி. படிக்க விரும்பியவர்களுக்கும் ஆசிரியர் இல்லை. இருந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் வர ஒரு வருடம். அதற்குப் பிறகு பல்கலைக்கழகம்: பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை. விடுதியில் தங்க வேண்டும். மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி யார் என்ன விவாதித்தாலும், அம்பாறை மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் பலருக்கு இடம் கிடைத்தது அதனால்தான். இடம் கிடைத்த பின்னும் அனுமதிக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய குடும்பங்களை நான் அறிவேன். 1980களின் நடுவிலிருந்து பாதையே பயமாகிவிட்டது. 1990க்குப் பிறகு அந்தப் பயத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த நெருக்கடியிலிருந்துதான் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பிறந்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அமைச்சராக இருந்தபோது, 1995 ஒக்டோபரில் அது பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பிக்கப்பட்டு, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமாகியது. ஒலுவிலின் பெயரே எல்லார் வாயிலும் வந்தாலும், நமது கதைக்கு முக்கியமான இடம் சம்மாந்துறை. 1997இல் அமைக்கப்பட்ட பிரயோக விஞ்ஞான பீடம் அங்கேதான் இருக்கிறது. கல்முனையிலிருந்து ஐந்தாறு கட்டைத் தூரம். அந்தச் சிறு தூரத்தின் மதிப்பை வெளிநாட்டில் பிறந்த நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கவைப்பது கடினம். காலையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் போய், குறைகடத்தி பற்றிப் படித்துவிட்டு, அஸருக்குப் பிறகு வீட்டு முற்றத்தில் வந்து நிற்கிற பிள்ளையை உம்மாவால் கண்ணால் காண முடிந்தது. அனுமதிக் கடிதங்கள் அலுமாரியை விட்டு வெளியே வந்தன. பின்னர் ஒலுவிலில் பொறியியல் பீடமும் வந்தது.

2004 டிசம்பர் 26ஐப் பற்றி இந்த மலரில் வேறு பக்கங்கள் இருக்கின்றன. நாட்டிலேயே அதிகமான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேல், இழந்தது நமது மாவட்டம். கரையோரப் பாடசாலைகளில் அலைக்குப் பின் மிஞ்சிய ஆய்வுகூட அலுமாரிகளில் உப்புப் படிந்த கல்வனோமானிகள் இருந்தன. அவை மறுபடி அசையவில்லை. இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

அளத்தல் என்பது எவ்வளவு பெரிய வேலை என்று மாணவியருக்குச் சொல்ல நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் பெயர் அன்னா மணி. 1918இல் திருவிதாங்கூரின் பீருமேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் சி.வி. இராமனின் ஆய்வுகூடத்தில் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். ஆய்வேட்டை ஒப்படைத்தும், முதுமாணிப் பட்டம் இல்லையென்று கலாநிதிப் பட்டம் கொடுக்கப்படவில்லை. அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளை உள்நாட்டிலேயே செய்வித்து, நாடெங்கும் நிலையங்களை நிறுவினார். 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய சூரியக் கதிர்வீச்சுத் தரவு நூல்கள் பின்வந்த பொறியியலாளர்களுக்கு அடிப்படையாயின. எந்த ஊரில் எந்த மாதத்தில் எவ்வளவு வெயில் என்று தெரியாமல் சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசுவது, வயலின் பரப்பு தெரியாமல் விதைநெல் வாங்குவது போலத்தான்.

நமது வெயிலின் கணக்கு மோசமில்லை. இலங்கையில் சமதரைப் பகுதிகளில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 யுனிற் சக்தி விழுகிறது. நமக்கு மழை மார்கழியை ஒட்டிய மாதங்களில்; மற்றக் காலம் வெளிச்சம்தான். ஆனால் வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சிலிக்கன் பெனல் சூடேறினால் சோர்ந்துவிடும். ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் அதன் வலு ஏறத்தாழ 0.4 வீதம் குறையும். கல்முனையின் பகல் வெயிலில் தகரக் கூரை மேல் கிடக்கும் பெனல் எவ்வளவு சுடும் என்று தொட்டுப் பார்த்தால் தெரியும். கூரைக்கும் பெனலுக்கும் இடையே கடற்காற்று ஓட இடைவெளி விட வேண்டும். அதே கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து கண்ணாடியில் பூசும், திருகாணிகளை அரிக்கும். ஐரோப்பாவுக்கு எழுதிய கைநூலை இங்கே அப்படியே வைத்துப் பின்பற்ற முடியாது. ஊருக்கு ஊர் அளந்து பார்க்கும் பௌதிகவியல் இதனால்தான் தேவைப்படுகிறது.

இனி, நம் நாட்டு ஆய்வாளர்கள் உலகுக்குக் கொடுத்த ஒன்று. அதை விளங்கிக்கொள்ள மருதமுனைக்குப் போக வேண்டும். நூலைச் சாயத்தில் அவித்து எடுக்கும் நெசவாளருக்கு, சாயம் நூலைப் ‘பிடிக்க’ வேண்டும், கழுவினால் போகக்கூடாது. பிடிக்கும் சாயம் நூலின் மேல் பூசப்பட்ட வர்ணமன்று, நூலோடு பிணைந்துவிட்ட பொருள். 1991இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஓ’றீகனும் கிறெற்செலும் இதே உறவை மின்சாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். வெள்ளைப் பெயின்றிலும் பற்பசையிலும் இருக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளைக் கண்ணாடியில் நுண்துளைப் படலமாகப் படியவைத்து, அதற்குச் சாயம் ஏற்றினார்கள். சாயத்தில் ஒளி விழுந்ததும் ஓர் இலத்திரன் துள்ளி வெள்ளைத் தூளுக்குள் போய்விடும். அங்கிருந்து கம்பி வழியே சுற்றி வரும். இலத்திரனை இழந்த சாயத்துக்கு அதைத் திருப்பிக் கொடுக்க நடுவில் ஒரு திரவம். திரவம் என்றால் வெப்ப நாட்டில் தொல்லை: ஆவியாகும், கசியும்.

கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னகோனும் அவருடைய குழுவினரும் அந்தத் திரவத்தையே எடுத்துவிட்டார்கள். பதிலாகச் செப்பு அயடைட்டு என்ற திண்மத்தைத் துளைகளுக்குள் நிரப்பினார்கள். 1995இல் வெளியான அந்தக் கட்டுரையில் அவர்கள் பயன்படுத்திய சாயம் சயனிடின், பூக்களின் சிவப்புக்குக் காரணமான நிறப்பொருள். அதன் வினைத்திறன் குறைவுதான். ஆனால் திண்மத்தை வைத்தும் சாயக் கலம் இயங்கும் என்று காட்டிய முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று. திண்மநிலைச் சாயக் கலங்களின் அந்த வழியிலிருந்துதான் இன்று ஆய்வுகூடங்களில் 25 வீதத்தைக் கடந்திருக்கும் பெரொவ்ஸ்கைற்றுச் சூரியக் கலங்கள் கிளைத்தன. விலையுயர்ந்த கருவி வாங்கப் பணமில்லாத ஒரு சிறு நாட்டின் ஆய்வுகூடத்தில், பூவின் சாயத்தோடு செய்த வேலை அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜனைச் சுற்றி ஒரு சூரியக் கல ஆய்வுக்குழு வளர்ந்திருக்கிறது. நோர்வேயிலுள்ள தமிழ் விஞ்ஞானிகளோடு கூட்டாகவும் அங்கு வேலை நடக்கிறது. போர் முடிந்த மண்ணில் தமிழ் பேசும் பிள்ளைகள் தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலம் செய்து அளக்கிறார்கள் என்பது எனக்குச் சாதாரணச் செய்தியாகத் தெரியவில்லை.

அந்த வெள்ளைத் தூளின் தாது எங்கே இருக்கிறது தெரியுமா? நமது கிழக்குக் கரையிலேயே, வடக்கே புல்மோட்டையில். நம்மைப் போலத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர். அங்குள்ள கருமணலில் இல்மனைற்றும் உரூத்தைலும் சேர்க்கனும் உண்டு. காந்தத்தாலும் நிலைமின்னாலும் பிரித்தெடுக்கிறார்கள். அதுவும் பள்ளிப் பௌதிகவியல்தான். ஆனால் பிரித்த மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிப் போய், விலையுயர்ந்த தூளாக நம்மிடம் திரும்பி வருகிறது. இதற்கு அரசியல் காரணங்களைப் பத்திரிகைகள் எழுதட்டும். மணலைத் தூளாக்கத் தெரிந்த இரசாயனமும் பௌதிகமும் படித்த பிள்ளைகள் போதிய அளவு இல்லாததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உமியின் கதை இன்னும் கிட்டத்தில். நூறு கிலோ நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி. அதை எரித்தால் நான்கு கிலோ சாம்பல். சம்மாந்துறை, நிந்தவூர் மில்களுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் மேலுறையில் சேமித்து வைத்தது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏறத்தாழ 700 பாகைக்கு மேற்படாமல் நிதானமாக எரித்தால் சிலிக்கா பளிங்காக மாறாது. அப்படிப்பட்ட சாம்பலைச் சீமெந்தோடு சேர்த்தால் சுண்ணாம்போடு வினைபுரிந்து கொங்கிரீற்றை இறுக்கும், உப்புநீர் புகுவதைக் குறைக்கும். கண்மூடித்தனமாக எரித்தால் அந்தக் குணம் போய்விடும். கரி மிஞ்சினால் சாம்பல் கறுக்கும். ஒரே உமி, எரிக்கும் வெப்பநிலைதான் வித்தியாசம். சீமெந்து செய்வது உலகின் கரியமில வாயுவைக் கூட்டும் பெரிய தொழில்களில் ஒன்று. கடலோரத்தில் கம்பி துருப்பிடித்து வெடிக்கும் தூண்களோ நாம் தினமும் காண்பவை. இந்த இரண்டுக்கும் உதவக்கூடிய பொருளை நாம் குப்பையாகக் கொட்டுகிறோம். சம்மாந்துறைப் பீடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுப்பொருள் வீட்டு வாசலில் எங்கே கிடைக்கும்?

2022ஐ எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் வட்ஸ்அப்பில் அழைத்தால் இருட்டில்தான் முகம் காட்டினோம். அலுமாரிக்கு மேலிருந்த அரிக்கன் லாம்பைத் தூசு தட்டினால் ஊற்ற மண்ணெண்ணெயும் இல்லை. அந்த மாதங்களில் மருதமுனைக் கைத்தறிக்கு மின்சாரம் வேண்டியிருக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அதன் பிறகுதான் நமது ஊர்களில் கூரைப் பெனல்கள் வேகமாகப் பெருகின. யார் வீட்டில் எத்தனை கிலோவாற்று என்பது கலியாண வீட்டுப் பேச்சாகவும் ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பெனல் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், பொருத்த வந்த தம்பியைக் கேட்கச் சொல்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு மனக்குறை. உயர்தரப் பௌதிகவியலில் செய்முறைப் பரீட்சை கிடையாது. பரிசோதனைகள் எழுத்துவினாவாக, இரண்டாம் பத்திரத்தின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் வரும். அதனால் நுண்மானித் திருகுக்கணிச்சியைக் கையால் தொடாமலே அதன் பூச்சிய வழுவுக்கு முழுப்புள்ளி எடுக்கலாம். அழுத்தமானியைக் காணாமலே அதன் சுற்றை வரையலாம். டியூட்டரிகள் அதைத் திறமையாகவே சொல்லிக் கொடுக்கின்றன. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பரீட்சையில் ‘ஏ’ எடுத்த பிள்ளை, பல்கலைக்கழகத்தின் முதலாவது செய்முறை வகுப்பில் அம்பியர்மானியைச் சமாந்தரமாக இணைத்துவிட்டு விழிப்பாள். திறமை இல்லாததால் அல்ல. நாம் அவளுடைய கையில் எதையும் கொடுக்காததால்.

நூற்றாண்டை முன்னிட்டுச் சங்கத்துக்கு நிதி சேர்கிறது. நுழைவாயில் வளைவு கட்ட வேண்டும் என்று ஒரு சாரார்; மண்டபத்துக்கு ஏசி வேண்டும் என்று இன்னொரு சாரார். வளைவு அழகாகத்தான் இருக்கும். எனினும் பௌதிக ஆய்வுகூடத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கும்படி கேட்டு, தேவையான பொருட்களின் பட்டியலொன்றைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அதில் பெரிய விலைக்குரியது எதுவுமில்லை. ஒரு சிறிய சூரியப் பெனலும் மாறும் தடையும் இருந்தால், காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மாணவியர் முறைவைத்து வலுவை அளந்து, ஒரு வருடத்தில் நமது கூரையின் வெயிலுக்கு ஒரு கணக்கு எழுதிவிடலாம். மின்கடத்தும் கண்ணாடித் துண்டுகளும் கொஞ்சம் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் இருந்தால், முற்றத்துச் செவ்வரத்தம்பூவைப் பிழிந்து ஒரு சாயக் கலம் செய்து, சில நூறு மில்லிவோல்ற்று வருவதைக் கண்ணால் பார்க்கலாம். டோஹாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் நூற்றாண்டு விழாவுக்கு வரும் சகோதரிகளின் கைப்பையில் இவையெல்லாம் அடங்கும். பட்டியலில் முதலாவதாக எழுதியிருப்பது பன்மானி. பத்து வேண்டும், இருவருக்கு ஒன்று என்ற கணக்கில்.